பயந்து குரைக்கும் நாயைப் பழக்கியெடுப்போம்

“குரைக்கிற நாய் கடிக்காது” என்று எம்மவரிடையே ஒரு பழமொழி உண்டு. தோட்டங்களுக்குள் நடந்து திரியும் என் போன்றவர்கள் அதை நம்பி லயத்துப் படி ஏறுவதில்லை. குரைக்கும் நாய்களில் பல கோபத்தினால் குரைப்பவை அல்ல, பயத்தினால் குரைப்பவை. “கிட்ட வராதே” என்று சொல்ல அவற்றுக்குத் தெரிந்த மொழி அதுதான். நாம் கேட்காமல் நெருங்கும்போது, தப்பியோடவும் வழியில்லாதபோது, பயந்த நாய் கடித்துவிடுகிறது.

பெண்களின் பிரச்சினைகளைப் பேசும் இதழில் நாயைப் பற்றி என்ன பேச்சு என்று சகோதரிகள் நினைக்கலாம். நாய் ஒன்றினால் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்பு தடைப்பட்டதையும், நாயைப் பழக்கியதனால் அது மீண்டும் கிடைத்ததையும் நான் நேரில் பார்த்தேன். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலை, இறப்பர் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. 1977ஆம் ஆண்டு வன்செயல்களும், 1981 ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளில் நடந்த வன்செயல்களும் இங்கிருந்த பல குடும்பங்களை வவுனியாவுக்கும் வன்னிக்கும் துரத்தின. அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களைப் பிறகு போர் துரத்தியது. 2009 மே மாதத்தில் போர் முடிந்து, முகாம்களிலிருந்து வெளியேறியபோது, சிலர் உறவினரைத் தேடித் தாம் பிறந்த தோட்டங்களுக்கே திரும்பி வந்தனர். அவ்வாறு வந்த பெண்களில் கணவரை இழந்தவர்களும் உள்ளனர்.

ஆண் துணையற்ற வீட்டில் நாய் வெறும் செல்லப்பிராணி அல்ல. இராக்காலத்தில் யாராவது கதவருகே வந்தால் எழுப்புவது அதுதான். “நாயை அடித்துத் துரத்துங்கள்” என்று அப்பெண்களிடம் சொல்லுவது எளிது. அவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள், கேட்க வேண்டியதும் இல்லை.

ஒரு தொங்கல் வீட்டின் கதை

நான் சென்றுவரும் தோட்டமொன்றில் லயத்தின் தொங்கல் வீட்டில் அத்தகைய ஒரு தாய் இருக்கிறார். மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. மருமகன் கொழும்பில் வேலை. அவர்கள் வளர்க்கும் ஜிம்மி என்ற நாயை, தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே குப்பைமேட்டில் கல்லடி பட்டுக் கிடந்த நிலையில் தாய் தூக்கி வந்திருந்தார். அப்போது அதற்கு ஐந்து மாதமளவில் இருக்கலாமாம்.

ஜிம்மிக்கு அந்தத் தாயையும் மகளையும் தவிர எல்லோரிடமும் பயம். குடையைக் கண்டால் பயம். மற்ற நாய்களைக் கண்டால் பயம். இஸ்தோப்பில் சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும். பக்கத்து வீடுகளுக்குப் போகிறவர்கள் இரண்டு முழ தூரத்தில் நடக்க வேண்டியிருந்ததால் நாள் முழுவதும் குரைப்பும் பாய்ச்சலும்தான். வீடு தேடி வந்து கர்ப்பிணியைப் பார்க்க வேண்டிய குடும்பநல உத்தியோகத்தர் (நம் பெண்களுக்கு அவர் மிட்வைப் மிஸ்) தமிழ் கொஞ்சமே தெரிந்த சிங்களச் சகோதரி. இரண்டு முறை வந்து, படியேற முடியாமல் வீதியில் நின்று சத்தமிட்டுப் பேசிவிட்டுத் திரும்பிப் போனார். மகளின் கால் வீங்கியிருந்ததை அவர் பார்க்கவே இல்லை. லயத்தில் ஒருவர் சோற்றில் நஞ்சு வைக்கப்போவதாகவும் சொல்லியிருந்தார்.

அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: “எனக்கும் இதுக்கும் ஒரே வருத்தம்தான் மிஸ். மேல் டிவிசன்ல பன்றிக்கு வெடி போட்டா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நடுங்குவோம். வன்னியில ஒரு நாய் வளர்த்தேன். ஓடுறப்போ கயித்தை அவிழ்த்து விட்டுட்டு வந்தேன். இதையும் விடச் சொல்லாதீங்க.”

நான் விடச் சொல்லவில்லை. பழக்கலாம் என்று சொன்னேன். நஞ்சு வைப்பதாகச் சொன்னவரிடமும் பேசினேன். மிருகங்களுக்குக் கொடுமை செய்வது 1907ஆம் ஆண்டின் சட்டத்தின்படி குற்றம் என்றும், அரசாங்கமே 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்வதைக் கைவிட்டு, தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் மாறியிருக்கிறது என்றும் விளக்கினேன். மூன்று மாத அவகாசம் கேட்டோம். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பயம் எங்கிருந்து வருகிறது?

நாய்க்குட்டி பிறந்து ஏறக்குறைய 3ஆம் கிழமை முதல் 12ஆம் கிழமை வரையான காலம் மிக முக்கியமானது. அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்கொட், புல்லர் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியுள்ளனர். இக்காலத்தில் பல மனிதர்களையும் மற்ற நாய்களையும் அமைதியாகச் சந்திக்கும் குட்டி, பிற்காலத்தில் அவர்களை இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. அந்த வாய்ப்புக் கிடைக்காத குட்டிக்கும், அதன்பின் கல்லடி பட்ட குட்டிக்கும் புதியவர் யாவரும் ஆபத்தானவரே. சங்கிலி இதை மேலும் மோசமாக்குகிறது. ஓட முடியாத நாய்க்கு மிஞ்சுவது பல் மட்டுமே.

இத்தகைய பயத்தைத் தணிக்கும் வழியை முதலில் ஆய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் பெண் என்பதைச் சகோதரிகள் அறிய வேண்டும். அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், 1924இல் பீட்டர் என்ற மூன்று வயதளவான சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு முயலைக் கண்டால் பெரும் பயம். அவன் விரும்பிய உணவை உண்ணும் வேளையில், கூட்டிலிட்ட முயலைத் தூரத்தில் வைத்தார்கள். அவன் அமைதியாக உண்ணும் அளவுக்கேற்பச் சிறிது சிறிதாக அதைக் கிட்டக் கொண்டு வந்தார்கள். ஈற்றில் அவன் முயலைத் தடவி விளையாடினான். இடையில் அவன் நோயுற்று வைத்தியசாலையில் இருந்தான். அங்கிருந்து வெளியேறும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்து பயமுறுத்தியதால் பழைய பயம் திரும்பியது. மறுபடி தொடக்கத்திலிருந்து பழக்கினார்கள். பின்னடைவு வந்தாலும் வேலை வீணாகிவிடுவதில்லை என்பதை இதில் காணலாம்.

இரண்டாம் உலகப் போரில் தென்னாபிரிக்க இராணுவ வைத்தியராகப் பணியாற்றிய ஜோசப் வோல்ப், போரினால் மனம் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்கு அன்றைய சிகிச்சைகள் போதுமான பயன் தராததைக் கண்டு, பிற்காலத்தில் இதே படிப்படியான வழியை மனிதருக்கான ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார். மனிதரை நாயோடு ஒப்பிடுவது என் நோக்கமல்ல. பயந்த உயிர் எதுவானாலும் அதைக் கட்டாயப்படுத்திப் பயத்தின் முன் நிறுத்தக்கூடாது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

நாங்கள் செய்தவை

முதலில் நாயின் உடல்மொழியைப் படிக்கப் பழகினோம். வால் கால்களுக்கிடையே போவது, காது பின்னே படிவது, கண்ணின் வெள்ளை தெரிவது, பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமின்றிக் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது ஆகியன பயத்தின் அடையாளங்கள். உறுமல் அதற்கடுத்த எச்சரிக்கை. உறுமியதற்காக அடித்தால் நாய் உறுமுவதை மட்டுமே விடும், பயம் போகாது. அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும்.

இரண்டாவதாக, இஸ்தோப்பின் அரைச்சுவருக்கு மேல் பழைய சாக்கைத் தொங்கவிட்டோம். போகிற வருகிறவர் எல்லாரையும் பார்க்க வேண்டிய கட்டாயம் ஜிம்மிக்கு இல்லாமற் போனது. குரைப்புப் பாதியாகக் குறைந்தது அந்த ஒரு சாக்கினால்தான். சங்கிலியைக் கழற்றி, கழுத்துப்பட்டியும் நீளமான கயிறும் வாங்கினோம். பட்டி இறுக்காததாகவும், தலை வழியே உருவிக்கொண்டு ஓட முடியாததாகவும் இருக்க வேண்டும். சுருக்குக் கயிறு கூடாது.

மூன்றாவதாக, தூரம். லயத்தில் தூரத்துக்கு எங்கே போவது? காலையில் பிரட்டு முடிந்து எல்லோரும் மலைக்கும் பால்வெட்டுக்கும் போனபின் லயம் வெறிச்சோடிவிடும். அந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் உள்ள வாழைத்தோட்டத்துக்கு ஜிம்மியைக் கூட்டிப் போவார் தாய். பக்கத்து வீட்டுப் பையன் பிள்ளைக்காம்பராவுக்குப் போகும் பாதையில், ஏறத்தாழ 30 அடி தள்ளி வந்து நிற்பான். ஜிம்மி அவனைப் பார்த்தும் உண்ணக்கூடிய தூரம் அது. நாய் தீனியைத் தொடாவிட்டால் தூரம் போதாது என்று பொருள்.

இங்கே ஒழுங்கு முக்கியம். முதலில் ஆள் தெரிய வேண்டும், அதன் பிறகே தீனி. ஆள் மறைந்ததும் தீனியும் நின்றுவிட வேண்டும். அப்போதுதான் “இவர் வந்தால் நல்லது நடக்கும்” என்று நாயின் மனதில் பதியும். தீனிக்கு விலை கொடுத்து எதுவும் வாங்கவில்லை. உப்புப் போகக் கழுவிய நெத்தலி, ரொட்டித் துண்டு, அவித்த முட்டை கொஞ்சம். வெங்காயம், சொக்லட், சமைத்த எலும்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. அதற்கு மேல் வேண்டாம்.

சில நாட்களுக்கு ஒருமுறை இரண்டு மூன்று அடி நெருங்கினோம். வருபவர் நாயின் கண்ணை உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டாகத் திரும்பி நிற்க வேண்டும். குனிந்து தலையைத் தடவ முயலக்கூடாது. நெத்தலியை நாயின் பின்புறமாக எறிந்தால், எடுக்கப் போகும் நாய்க்கு விலகிச் செல்லும் வாய்ப்பும் கிடைக்கிறது.

குடைக்குத் தனிப் பாடம். இரத்தினபுரி மழையில் குடையில்லாமல் யார் வருவார்? மடித்த குடையைத் தரையில் வைத்து அதைச் சுற்றித் தீனி போட்டோம். பிறகு பாதி விரித்து, பிறகு முழுதாக விரித்து, அதன்பின் தாயே குடையோடு நடந்து காட்டினார்.

ஐந்தாம் கிழமை தீபாவளி வந்தது. பட்டாசுச் சத்தத்தில் ஜிம்மி கட்டிலுக்குக் கீழே போய் இரண்டு நாள் வெளியே வரவில்லை. பயந்த நாயை ஆறுதல்படுத்தினால் பயம் கூடும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியல்ல. தாய் பக்கத்தில் அமர்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மீண்டும் 30 அடியிலிருந்து தொடங்கினோம். இம்முறை ஒரு கிழமையிலேயே பழைய நிலைக்கு வந்துவிட்டது.

மிட்வைப் மிஸ்ஸிடம் விடயத்தைச் சொன்னபோது அவர் சிரித்தார். ஆனால் மறுமுறை வந்தபோது பையில் சிறு பொதியாக நெத்தலி கொண்டு வந்திருந்தார். எட்டாம் கிழமையில் அவர் இஸ்தோப்பில் அமர்ந்து மகளின் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். அழுத்தம் கூடியிருந்தது, அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினார். ஜிம்மி உள்ளே கயிற்றில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தை நலமாகப் பிறந்தது.

மற்ற நாய்களோடு

பயந்த நாயை இன்னொரு நாயின் முன் இழுத்துப் போய் “பழகு” என்று விடுவது சண்டையில்தான் முடியும். லயத்தில் அமைதியான ஒரு கிழட்டு நாயைத் தெரிவு செய்யுங்கள். இரண்டு பேர் இரண்டு நாய்களையும், நடுவே அகன்ற இடைவெளி விட்டு, ஒரே திசையில் நடத்திச் செல்லுங்கள். தேயிலை நிரைகள் இதற்கு மிக வசதி: நான்கைந்து நிரைகள் தள்ளி நடக்கலாம், நாளாக நாளாக நிரையைக் குறைக்கலாம். முகத்துக்கு முகம் சந்திக்க விடாதீர்கள். கயிற்றை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுகிய கயிறு நாயின் பயத்தைக் கூட்டும். முதற் சந்திப்பு சில வினாடிகள் போதும்.

ஜிம்மி இப்போது இரண்டு நாய்களோடு சேர்ந்து திரிகிறது. மூன்றாவது ஒன்றோடு இன்றும் ஆகாது. எல்லாரோடும் ஒட்டவேண்டும் என்று மனிதரிடம்கூட நாம் எதிர்பார்ப்பதில்லையே. இரவில் நாயை வீட்டுக்குள் எடுத்துக்கொள்வது நல்லது. தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் வெளியே கட்டிய நாய் அதற்கு எளிய இரை.

கவனத்திற்கு

நேற்றுவரை சாதாரணமாக இருந்த நாய் திடீரெனப் பயந்தாலோ சீறினாலோ, எச்சில் வடித்தாலோ, விழுங்க முடியாமல் தவித்தாலோ அது பழக்கவேண்டிய நாய் அல்ல, விசர்நோயாக இருக்கலாம். நெருங்காமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். காயம், உண்ணி, காதுப்புண் போன்ற வலியும் நாயைச் சீற வைக்கும். அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடி பட்டால், சிறு கீறலானாலும், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு பூச வேண்டாம். ஊசி இலவசம். கடித்த நாயைக் கொல்லாமல் 14 நாட்கள் அவதானியுங்கள். எமது நாட்டில் 1973இல் விசர்நோயினால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதனால் அத்தொகை பெரிதும் குறைந்தது. பழகிய நாயைத்தான் தடுப்பூசி முகாமுக்குக் கூட்டிப்போக முடியும் என்பதையும் மறக்கக்கூடாது. ஜிம்மிக்கு அவ்வாறே தடுப்பூசியும் போட்டாயிற்று.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படியொரு நாய் இருந்தால் கல்லை எடுக்கு முன் ஒரு பிடி நெத்தலியை எடுத்துப் பாருங்கள். ஒரு சாக்கு, ஒரு கயிறு, நாளுக்குப் பத்து நிமிடம், இரண்டு மூன்று மாதப் பொறுமை. இவற்றோடு, உதவிக்கு வரும் ஓர் அயலவரும் தேவை. நாயைப் பழக்க வந்த அந்தப் பையனின் தாயும் தொங்கல் வீட்டுத் தாயும் அதற்கு முன் அதிகம் பேசிக்கொண்டதில்லை. இப்போது பீலிக்குத் தண்ணீர் எடுக்க இருவரும் ஒன்றாகத்தான் போகிறார்கள்.