கூந்தலும் பயோட்டினும்

ஆரம்பாக்கத்தைத் தாண்டி வண்டி தடாவில் வந்து நின்றதும் பெயர்ப்பலகையின் எழுத்து மாறுகிறது. மருந்துக் கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் மட்டும் மாறுதல் ஒன்றும் இல்லை. சென்னையில் காணும் அதே வண்ணப் புட்டிகளே இங்கும் வரிசையாக நிற்கின்றன. கேசம், சருமம், நகம் ஆகிய மூன்றையும் ஒருங்கே காப்பதாகக் கூறும் அப்புட்டிகளில் பெரும்பாலும் இருப்பது பயோட்டின் என்னும் உயிர்ச்சத்து. ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளை நம்பி இப்பக்கம் குடிவந்த நம் குடும்பங்களில் இதை நாள்தோறும் உட்கொள்ளும் சகோதரிகள் சிலரை நான் அறிவேன். "இவ்வூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, முடி கொட்டுகிறது" என்பதே அவர்கள் கூறும் காரணம். ஊர் விட்டு ஊர் வந்தோர் முதலில் பழி சுமத்துவது தண்ணீரின் மீதுதான் போலும்!

பயோட்டின் என்பது யாது? பி வகை உயிர்ச்சத்துக்களுள் ஏழாவதாக எண்ணப்படுவது. நாம் உண்ணும் மாவுப்பொருள், கொழுப்பு, புரதம் ஆகியவற்றை உடல் பயன்படுத்திக்கொள்ள உதவும் ஐந்து நொதிகளுக்கு இது உற்ற துணை. இது கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு சுவையானது. 1927-ஆம் ஆண்டில் லண்டனில் மார்கரெட் போவாஸ் என்னும் பெண்மணி, உலர்த்திய பச்சை முட்டை வெள்ளையையே எலிகளுக்குப் புரத உணவாக அளித்து வந்தார். எலிகளின் தோல் புண்ணாகி மயிர் உதிர்ந்தது. ஈரலைக் கொடுத்தபோது அந்நோய் நீங்கிற்று. ஈரலில் இருந்த அப்பொருளையே 1936-இல் கோக்ல், டென்னிஸ் என்னும் இருவர், கால் டன் உலர்ந்த மஞ்சட்கருவிலிருந்து தூய வடிவில் பிரித்தெடுத்தனர். அவர்களுக்குக் கிடைத்தது ஒரு மில்லிகிராமுக்குச் சற்றே அதிகம். இன்று கடையில் விற்கும் ஒரே மாத்திரையில் 10 மில்லிகிராம் அடைத்து வைத்திருக்கிறார்கள்!

வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம் என்று அமெரிக்க நிபுணர் குழு 1998-இல் வகுத்தது. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தது ஒரு மில்லிகிராம். ஆகவே 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, நாளைத் தேவையைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல். ஒரு முழு முட்டையை வேகவைத்து உண்டால் ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் கிடைக்கும். ஈரலில் மிகுதியாக உண்டு. சித்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளையும் வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மீன் இவற்றிலும் இருக்கிறது. நம் குடலில் வாழும் நுண்ணுயிர்களும் ஓரளவு உண்டாக்குகின்றன. ஆதலால் சாதாரணமாக உண்டு வாழ்வோரிடம் பயோட்டின் குறைவு மிக அரிது. பச்சை முட்டையை நெடுநாள் விடாது குடிப்போர், மதுப் பழக்கத்திற்கு ஆட்பட்டோர், வலிப்பு நோய்க்காகச் சில மருந்துகளை நெடுங்காலம் உண்போர் ஆகியோரிடம் அக்குறைவு நேரலாம்.

அப்படியானால் மாத்திரை முடியை வளர்க்குமா? குறைவு உள்ளவர்க்கு வளர்க்கும், ஐயமில்லை. குறைவு இல்லாதார்க்கு வளர்க்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. முடிக்கும் நகத்திற்கும் பயோட்டின் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதப்பட்ட நோயாளர் விவரங்களை 2017-இல் மருத்துவர் சிலர் தொகுத்து ஆராய்ந்தனர். அகப்பட்டவை மொத்தம் 18. அவர்கள் அனைவருக்கும் அடிப்படையில் வேறொரு குறை இருந்தது. எளிதில் உடையும் நகங்களுக்குப் பயன் தருவதாகச் சில சிறு ஆய்வுகள் கூறுகின்றன. அந்த எண்ணமே குதிரைக் குளம்புகளைக் கொண்டு செய்த சோதனைகளிலிருந்து பிறந்ததாம்.

திருமலைக் கல்யாணகட்டாவில் முடி இறக்கிய எவரும் அறிவர்: மழித்த தலையில் முடி தானே வளர்கிறது, மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். வேர் நலமாயிருந்தால் போதும். வேரை வாட்டும் காரணங்கள் வேறு. பிள்ளை பெற்ற சில மாதங்களில் கொத்தாக உதிர்வதுண்டு. டைபாய்டு, டெங்கு முதலிய கடுஞ்சுரம் கண்ட இரண்டு மூன்று மாதம் கழித்தும் உதிர்வதுண்டு. இவ்விரண்டும் பெரும்பாலும் தாமே சீர்ப்படும். அந்தச் சமயத்தில் மாத்திரை தின்றவர்கள், முடி திரும்பி வளர்ந்ததை மாத்திரையின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார்கள். இரத்தசோகை இன்னொரு காரணம். 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். புட்டிக்குச் செலவிடுமுன் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது உத்தமம் என்பது என் துணிபு.

ஆனால் அந்தச் சோதனையில்தான் பயோட்டினால் ஒரு விபரீதம் நேர்கிறது. என்னுடன் பணியாற்றும் அன்பர் ஒருவரின் இல்லாளுக்குத் தைராய்டு சோதனை செய்தார்கள். சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதாக அறிக்கை வந்தது. அம்மையாருக்கோ படபடப்பும் இல்லை, உடல் மெலிவும் இல்லை. மருத்துவர் சற்று யோசித்து, "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று கேட்டார். கேசத்திற்கான புட்டியை மருந்தென்றே எண்ணாததால் அவர்கள் அதுவரை சொல்லவில்லை. சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது.

இதன் காரணம் இது. பயோட்டினை விடாது பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று பச்சை முட்டை வெள்ளையில் உண்டு. எலிகளுக்கு நோய் வந்தது அதனால்தான். வேகவைத்தால் அப்பிடி தளர்ந்துவிடும். அதைப்போன்றே பற்றும் வேறொரு புரதத்தைப் பல சோதனைக் கருவிகளில் கொக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். இரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் அது கொக்கிகளையெல்லாம் தானே பிடித்துக்கொள்கிறது. முன்பதிவு செய்தவர் ஏறுமுன் பிறர் இருக்கைகளில் அமர்ந்துவிட்டால், பெட்டியில் தலைகளை எண்ணி எப்படிக் கணக்குச் சரிபார்ப்பது? இதனால் சில அளவுகள் பொய்யாகத் தாழ்ந்தும் சில பொய்யாக உயர்ந்தும் தோன்றும். எல்லா ஆய்வுக்கூடங்களிலும் ஒரே முறை இல்லை; சூலூர்ப்பேட்டையில் ஒன்றும் சென்னையில் வேறொன்றுமாக முடிவு வந்தால் இதையும் நினைவில் கொள்ளலாம்.

தைராய்டோடு இது நிற்கவில்லை. மாரடைப்பை அறிய உதவும் டிரோபோனின் சோதனையும் பொய்யாகத் தாழ்ந்து காட்டக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில், பயோட்டின் மிகுதியாக உட்கொண்ட ஒருவர் இவ்வாறு தவறிய டிரோபோனின் அளவுக்குப் பின் இறந்ததாகக் கிடைத்த செய்தியைக் குறிப்பிட்டது. பயோட்டினால் உடலுக்கு நேரடியான நஞ்சு ஒன்றும் அறியப்படவில்லை. மிகுந்தது சிறுநீரில் கழிந்துவிடுகிறது. அதனாலேயே பலர் அசட்டையாக இருந்துவிடுகிறோம்.

எனவே இரத்தம் கொடுக்கச் செல்லும்போது மருத்துவரிடமும் ஆய்வுக்கூடத்தாரிடமும் இம்மாத்திரையை, எத்தனை மில்லிகிராம் என்பதுடன் கூறிவிடுங்கள். தைராய்டு சோதனைக்கு இரண்டு நாளேனும் முன்பாக நிறுத்துமாறு அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொல்கிறது. அளவு மிகுந்தால் இன்னும் சில நாள் வேண்டியிருக்கும். மார்வலி என்று மருத்துவமனைக்கு ஓடும்போது நாள் பார்க்க இயலாது. உடன் செல்வோர் உடனே சொல்ல வேண்டும். சத்துப்பொடிகளிலும் குழந்தைகள் விரும்பும் மெல்லும் மிட்டாய் வடிவிலும் பயோட்டின் கலந்து வருவதால், புட்டியையே கையோடு எடுத்துச் செல்வது நலம். அதன் மேலுள்ள 14 இலக்க உணவு உரிம எண்ணைக் கண்டு, இது முடி வளர்க்கும் என்று அரசே சான்று தந்ததாக எண்ணிவிடலாகாது. வலிப்பு மருந்து உண்போரும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேளாமல் தொடங்க வேண்டா.

மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாதவர்களும் உண்டு. பயோட்டினை மீட்டுப் பயன்படுத்தும் நொதி இல்லாமலே சில குழந்தைகள் பிறக்கின்றன. சுமார் 60,000 குழந்தைகளுக்கு ஒன்று என்பது கணக்கு. சில மாதங்களில் வலிப்பும் தோற்புண்ணும் முடி உதிர்தலும் தோன்றும். கவனியாது விட்டால் கண்ணும் செவியும் கெடும். நோயைக் கண்டறிந்து நாள்தோறும் 5 முதல் 10 மில்லிகிராம் வரை பயோட்டின் கொடுத்து வந்தால் அக்குழந்தை பிற குழந்தைகளைப்போல் வளர்கிறது. ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டும். கடைக்கண்ணாடிக்குப் பின்னால் கூந்தல் படத்துடன் நிற்கிறதே, அதே பயோட்டின்தான் இதுவும்.