தமிழ் காமிக்ஸில் இரு மாயாவிகள்

மாயாவி என்பது தமிழ்ச் சித்திரக்கதைகளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு நாயகர்களுக்கு வழங்கும் பெயர் ஆகும். ஒருவர் இரும்புக்கை மாயாவி. மற்றவர் முகமூடி வீரர் மாயாவி. பழைய இதழ்களைத் தேடுவோர் இவ்விருவரையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

இரும்புக்கை மாயாவி இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் 1962-இல் தோன்றியவர். கென்னத் பல்மர் கதை எழுத, எசுப்பானிய ஓவியர் பிளாஸ்கோ வரைந்தார். 1972-இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே இவர் கதைதான். ஆய்வுக்கூட உதவியாளரான இவருக்கு வலக்கை கிடையாது. அங்கே எஃகுக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு கை நகர்ந்து வருவதே கதையின் திகில். தொடக்கத்தில் இவர் குற்றவாளி என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். உளவுப்படையில் சேர்ந்து நல்லவரானது பிறகுதான். காதலுக்கு இக்கதைகளில் பெரிய இடமில்லை.

பழம்பகை, நட்பு, காதல் மூன்றும் முகமூடி வீரரிடம் உண்டு. அமெரிக்கரான லீ ஃபால்க் 1936 பிப்ரவரி 17 அன்று நாளிதழ்த் தொடராகத் தொடங்கிய 'ஃபேண்டம்' இவரே. 1964 மார்ச்சில் வெளிவந்த இந்திரஜால் காமிக்ஸின் முதல் இதழும் இவர் கதையே. தமிழில் மாயாவி என்ற பெயரை ராணி காமிக்ஸ் பரப்பியது.

இவருக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. கடற்கொள்ளையர் தந்தையைக் கொன்றதால் 1536-இல் ஒருவர் சபதம் ஏற்றார். அன்று முதல் தந்தைக்குப் பின் மகன் அதே முகமூடியை அணிகிறார். இப்போதிருப்பவர் 21-ஆவது தலைமுறை. வெளியார் இவரைச் சாவே இல்லாதவர் என நம்புகின்றனர். மர்மத்தின் விடை இவ்வளவுதான். சிங் கூட்டத்தார் பரம்பரை எதிரிகள். பண்டார் குள்ளர்களும் அவர்கள் தலைவன் குரனும் துணைவர்கள். காதலி டயானா, ஐக்கிய நாடுகள் அவையில் பணிபுரிபவர். பல்லாண்டுகள் காத்திருந்த இவர்கள் திருமணம் 1977-இல்தான் நடந்தது! வாசகர்களும் உடன் காத்திருந்தனர்.

இக்கதைகளில் ஒரு குறை உண்டு. காட்டுமக்களைக் காக்க ஒரு வெள்ளையர் தேவை என்பதே இவற்றின் அடிப்படை. போடிநாயக்கனூரிலிருந்து ஏலமலைச் சரிவைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அடர்ந்த காடு புதிதன்று. குரங்கணிக்கு மேலே முதுவாக்குடியில் முதுவர்கள் வாழ்கின்றனர். அம்மலைத்தொடரில் பளியர்களும் உள்ளனர். தேன் எடுக்கவும், காட்டுவழி அறியவும், யானைக்கு ஒதுங்கவும் அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பண்டார்களோ நானூறு ஆண்டுகளாக நச்சம்புடன் குகைக்குக் காவல் நிற்கிறார்கள். பிள்ளைகளிடம் இதழைக் கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுக்கலாம். கதையின் விறுவிறுப்பு அதனால் குறைவதில்லை.

பழைய பிரதி கையில் கிடைத்தால் அட்டையைப் பார்த்தாலே போதும். எஃகுக் கை தெரிந்தால் முன்னவர்; மண்டையோட்டு மோதிரமும் வெள்ளைக் குதிரையும் தெரிந்தால் பின்னவர்.