சுழியடியில் ஒரு மனை

டான்யூப் ஆறு செர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் நடுவே மலையை அறுத்துக்கொண்டு போகும் இடத்துக்கு ‘இரும்பு வாயில்’ என்று பெயர். ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமுள்ள மலையிடுக்கு அது. சமவெளியில் அகன்று பரந்து வருகிற ஆறு, இங்கே மிகக் குறுகலான இடத்தில் 150 மீட்டர் அகலத்துக்குள் அடங்கிப் போகிறது. இதன் செர்பியக் கரையில், ஆற்றை ஒட்டிய சிறு சரிவு ஒன்றில், பெல்கிரேடு பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ட்ராகோஸ்லாவ் ஸ்ரேயோவிச் 1965-இல் அகழாய்வைத் தொடங்கினார். மண்ணுக்கடியில் ஓர் ஊரே இருந்தது. லெபென்ஸ்கி வீர் என்று இன்று அழைக்கப்படும் அந்த இடத்தில் மனிதர்கள் முதலில் தங்கியது சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன். ஊர் செழித்திருந்தது கி.மு. 6200-ஐ ஒட்டிய காலம்.

அவர்கள் உழவர்கள் அல்லர். அவர்களோடு இருந்த வளர்ப்பு விலங்கு நாய் மட்டும்தான். செம்மான், காட்டுப்பன்றி, இன்று பூமியிலேயே இல்லாத ஆரோக்ஸ் என்ற காட்டுமாடு, எல்லாவற்றுக்கும் மேலாக மீன்: இவைதான் சாப்பாடு. வேட்டையை நம்பிய கூட்டம் ஓரிடத்தில் நிலைக்காது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனால் இங்கே ஒரு வீட்டின் தரையைப் பாருங்கள். சரிவை வெட்டிச் சமப்படுத்தி, செந்நிறச் சுண்ணாம்புச் சாந்து இட்டு, கல்லாக இறுகும்படி மெழுகியிருக்கிறார்கள். தரையின் வடிவம் சரிவகம். அகன்ற பக்கம் ஆற்றைப் பார்க்கிறது, குறுகிய பக்கம் மலையை முட்டுகிறது. நடுவில் கல்பலகைகளை நிறுத்திக் கட்டிய நீள்சதுர அடுப்பு. அதையொட்டி, ஆறு உருட்டித் தந்த பாறையில் செதுக்கிய ஒரு முகம். உருண்டை விழிகள், ஓரம் கீழே வளைந்து திறந்த வாய். மனித முகமா, மீன் முகமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த வருடம் விட்டுப்போக நினைப்பவர்கள் இவ்வளவு பாடுபட்டுத் தரை போடமாட்டார்கள்.

சரி, ஏன் இந்தச் சரிவு? ஆறும் காடும் அந்த வட்டாரம் முழுக்கத்தான் இருந்தன.

கிளாடியோ வீட்டா-ஃபின்சி, எரிக் ஹிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-இல் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார்கள். வேட்டையாடி வாழ்பவர் இருப்பிடத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேர நடைத்தூரத்துக்குள் தேடுகிறார். உழவருக்கு அது ஒரு மணி நேரம். அதைத் தாண்டினால் கொண்டுவரும் உணவைவிட நடையில் செலவாகும் சக்தி உறுத்தத் தொடங்கும். ஆகவே மனை தேடுபவர் தன் காலடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு மணி நேர வட்டத்துக்குள் எத்தனை விதமான நிலம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். சமவெளி நடுவே வட்டம் போட்டால் ஒரே வகை நிலம்தான் அகப்படும். லெபென்ஸ்கி வீரில் போட்டால் கீழே ஆறு, கரையோரத் திட்டு, பக்கவாட்டு ஓடைகளின் பள்ளத்தாக்குகள், அவற்றின் அடர்ந்த காடு, உச்சியில் மேட்டுநிலம் என்று படிப்படியாக எல்லாம் வந்துவிடுகிறது. ஒன்று வறண்ட பருவத்தில் இன்னொன்று கைகொடுக்கும்.

இது பாதி விடைதான். மீதிப் பாதி ஆற்றுக்குள் இருக்கிறது.

அமெரிக்கத் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டு 1980-இல் வேட்டைச் சமூகங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். சிலர் உணவு இருக்கும் இடத்துக்குக் குடும்பத்தோடு பெயர்ந்து போகிறார்கள். சிலர் ஓரிடத்தில் இருந்துகொண்டு உணவைத் தம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்: உணவு தானாகவே நடந்து வருகிற வழியில் வீட்டைக் கட்டிக்கொள்வது. கண்மாய் மறுகால் பாயும்போது, புதுவெள்ளத்தை எதிர்த்து மீன் ஏறும் வாய்க்காலில் பறி வைப்பவர் செய்வது இதைத்தான்.

டான்யூபில் ஏறிவந்த மீன் சாதாரண மீன் அல்ல. கருங்கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிர்நீச்சல் போடும் ஸ்டர்ஜன். அதில் பெரிய இனமான பெலுகா ஆயிரம் கிலோவைத் தாண்டியும் வளர்ந்ததுண்டு. உடம்பில் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடுகள் வரிசையாக ஓடும். சமவெளியில் அகன்ற ஆற்றில் இப்படி ஒரு மீனைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. மலையிடுக்கில் நிலைமை வேறு. நடு ஆற்றில் நீர் சீறிப் பாயும். பாறை துருத்தி நிற்கும் இடங்களுக்குப் பின்னால் நீர் திரும்பிச் சுழலும், வேகம் தணியும். எதிர்த்து ஏறும் மீன் வலிமையைச் சேமிக்க வேண்டுமே. வேகம் குறைந்த நீரைத் தேடிக் கரையை ஒட்டும், சுழியின் ஓரத்தில் இளைப்பாறும். லெபென்ஸ்கி வீருக்கு எதிரே அப்படி ஒரு பெரிய சுழி இருந்தது. பாடினா, விளாசாட்ஸ் என்று அதே மலையிடுக்கில் இன்னும் பல ஊர்கள் ஆற்றின் ஓரத்தில் கண்டெடுக்கப்பட்டன. அகழாய்வில் அலங்காரக் கோடுகள் இட்ட கனமான கல் தடிகளும் கிடைத்தன. கரைக்கு இழுத்த பெருமீனைத் தலையில் அடித்து அடக்க அவை பயன்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஸ்டர்ஜனின் எலும்புக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பு, மண்ணில் மக்கிவிடும். குப்பைக்குழியை மட்டும் நம்பினால் மான் தின்ற ஊர் என்றே முடிவு கட்டிவிடுவோம். உண்மையைச் சொன்னவை தின்றவர்களின் எலும்புகள். உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் நைட்ரஜன்-15 என்ற சற்றே கனமான நைட்ரஜன் உடலில் கூடிக்கொண்டே போகும். நீரில் அந்தச் சங்கிலி நீளம்: பாசி, பூச்சி, சிறுமீன், பெருமீன், பிறகு மனிதன். இரும்பு வாயில் எலும்புகளில் இந்த அளவு மிக உயரமாக இருந்தது. மீனே அவர்களின் தலையாய உணவு என்பது அப்படித்தான் தெரிந்தது.

அதைவிட வியப்பானது காலக் கணக்கில் வெளிப்பட்டது. ருமேனியக் கரையின் ஸ்கேலா கிளாடோவெய் என்ற ஊரில் மனித எலும்புக்கூடுகளோடு, நிலத்து விலங்கின் எலும்பில் செய்த அம்புமுனைகள் கிடந்தன. ஒரே புதைகுழி என்பதால் இரண்டும் ஒரே வயதாக இருக்க வேண்டும். கார்பன்-14 முறையில் கணித்தபோது மனிதர் அம்பைவிடச் சில நூறு ஆண்டு மூத்தவராக வந்தார்! காரணம் ஆறுதான். டான்யூபின் நீரில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்த பழங்காலக் கார்பன் கலந்திருக்கிறது. அது பாசிக்கும் மீனுக்கும் போய், மீன் தின்ற மனிதனின் எலும்பிலும் சேர்ந்துவிட்டது. ஆற்றை நம்பி வாழ்ந்தவர்களின் உடம்பில் ஆற்றுப்படுகைப் பாறையின் வயது கலந்திருந்தது. இப்போது இந்தப் பிழையைத் திருத்தியே அந்த ஊர்களின் காலத்தைக் கணிக்கிறார்கள்.

பல்லின் எனாமலில் இருக்கும் ஸ்ட்ரோன்ஷியம் ஒருவர் சிறுவயதில் எந்த மண்ணில் விளைந்ததைத் தின்றார் என்று காட்டிக்கொடுக்கும். அதை வைத்து 2013-இல் வெளியான ஆய்வு, கி.மு. 6200-க்குப் பிறகு லெபென்ஸ்கி வீரில் வெளியிடத்தில் வளர்ந்தவர்கள் பலர் அடக்கமாகியிருப்பதைக் காட்டியது. அவர்களில் பெண்களே அதிகம். உழவு செய்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேட்டைக்காரர்கள் உழவைக் கண்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வயலுக்கு ஓடினார்கள் என்ற கதை இங்கே பொருந்தவில்லை. உழவர் வீட்டில் பிறந்தவர்களும் இந்த ஆற்றங்கரைக்குக் குடிவந்திருக்கிறார்கள்.

மனிதர்கள் இப்படித் தேர்ந்த இடங்களுக்கு ஒரு பொதுவான தலையெழுத்து உண்டு. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் செலிலோ அருவி என்று ஓர் இடம். ஆறு பாறைகளுக்கிடையே நெருங்கி விழும் அங்கே, மரமேடைகளில் நின்று நீண்ட கைப்பிடி வலையால் சால்மன் மீனை அள்ளிப் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தன பழங்குடிகள். 1957 மார்ச் 10 அன்று டேல்ஸ் அணையின் மதகுகள் மூடப்பட்டன. சில மணி நேரத்தில் அருவி நீருக்கடியில் போனது. ஆறு எங்கே நெருக்கப்பட்டு வேகம் கொள்கிறதோ அங்கே மீன் கைக்கெட்டும். அதே நெருக்கமும் வேகமும்தான் பொறியாளருக்கும் வேண்டும். நல்ல மீன்துறையும் நல்ல அணைக்கட்டு இடமும் ஒரே நில அமைப்பிலிருந்து பிறக்கின்றன.

இரும்பு வாயிலிலும் அதுவே நடந்தது. 1972-இல் முதல் அணை முடிந்தது. நீர் ஏறுமுன் லெபென்ஸ்கி வீரின் தரைகளைப் பெயர்த்து, சுமார் 30 மீட்டர் மேலே கொண்டுபோய் வைத்தார்கள்; விளாசாட்ஸ் உள்ளிட்ட மற்ற பல ஊர்கள் மூழ்கின. 1984-இல் கீழே இரண்டாவது அணையும் வந்தது. கருங்கடலிலிருந்து வரும் ஸ்டர்ஜன் இப்போது அந்த இரண்டாவது அணையைத் தாண்டி ஏறுவதில்லை. அணையோடு, கேவியர் எனப்படும் அதன் முட்டைமேல் உள்ள ஆசையும் திருட்டு மீன்பிடிப்பும் சேர்ந்து, பெலுகாவை அழிவின் விளிம்பில் நிறுத்தியிருக்கின்றன. அணைகளில் மீன் ஏற வழி அமைக்க முடியுமா என்று சில ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். பல மீட்டர் நீளமுள்ள மீன் நுழையும் அளவுக்கு வழி அகலமாக வேண்டும். பிரம்மாண்டமான ஆற்றில் அதன் வாயை மீன் கண்டுபிடிக்கவும் வேண்டும். ஏறினால் மட்டும் போதாது: முட்டையிட்ட தாய்மீனும், நீரோடு மிதந்துவரும் குஞ்சுகளும், டர்பைன்களில் சிக்காமல் மறுபடி கடலுக்கு இறங்க வேண்டும்.