குருதியமுக்கத்தின் கதை – 14: கடைசி இலக்கம்

குருதியமுக்க ஆராய்ச்சிக்கு வரும் இளம் வைத்தியரிடம் முதலில் பழக்க வேண்டியது காது. அடுத்தது பேனா. புள்ளிவிபரவியல் அதற்குப் பிறகுதான். கையைச் சுற்றி இறுக்கும் ரிவா-ரொச்சியின் பட்டியும் (1896), அதன் கீழே நாடியில் கேட்கும் கொரொட்கோவின் ஒலிகளும் (1905) இந்தத் தொடரில் முன்பே சொல்லப்பட்டவை.

காது கேட்கத் தொடங்குமுன் ஆளை அமர்த்த வேண்டும். யாழ்ப்பாணத்து அளவெட்டி போன்ற தோட்டக் கிராமத்தில் வீடு வீடாகப் போய் அளக்கும் ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தவருக்கு உடனே பட்டியைச் சுற்றினால் அளவு கூடும். ஐந்து நிமிடமாவது அவர் முதுகு சாய்ந்து இருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் நிற்க வேண்டும், தொங்கினால் கூடும். பேசினாலும் கூடும், சிறுநீரை அடக்கியிருந்தாலும் கூடும். பருத்த கைக்குச் சின்னப் பட்டி போட்டால் இல்லாத நோய்கூட வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஸ்ரெப்ஸ்' கணக்கெடுப்பில் மூன்று தரம் அளந்து, முதல் அளவைத் தள்ளிவிட்டு, மற்ற இரண்டின் சராசரியை எடுப்பதும் ஆள் அடங்க நேரம் வேண்டும் என்பதற்காகத்தான்.

பிறகு காது. பட்டியின் காற்றைச் செக்கனுக்கு இரண்டு மில்லிமீற்றர் அளவில் இறக்க, முதலாவது தட்டு கேட்கும் இடம் மேல் அளவு. ஒலி மறையும் இடம் கீழ் அளவு. சிலரில் இடையில் ஒலி முற்றாக அடங்கி மறுபடி வரும். மேல் அளவு 180 உள்ள ஒருவருக்கு 165 இல் ஒலி அடங்கி 140 இல் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், 160 மட்டும் காற்றடித்த புதியவர் 140 என்று எழுதிவிடுவார். மணிக்கட்டில் நாடியைப் பிடித்து, அது மறையும் அளவையும் தாண்டிக் காற்றடிக்கச் சொல்லிக் கொடுப்பது இதனாலேயே. இரண்டு சோடிக் காதுக்குழாய்கள் பிரியும் ஒரே ஸ்டெதஸ்கோப்பில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதி, பிறகு ஒப்பிடுவது பழைய முறை. தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாழ்ந்த அளவெட்டிக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே சிட்சை என்றாலே குருவின் பக்கத்தில் இருந்து கேட்பதுதான்.

இனி பேனா. இரச அளவுகோலில் கோடுகள் இரண்டு இரண்டாக இருக்கும். ஆகவே நேர்மையாக வாசித்தால் 0, 2, 4, 6, 8 ஆகிய ஐந்து இலக்கங்களும் ஏறத்தாழச் சமமாக, ஒவ்வொன்றும் நூற்றுக்கு இருபது வீதம், கடைசி இடத்தில் வர வேண்டும். வருவதில்லை. எங்கும் பூச்சியமே வருகிறது: 120, 130, 140. பதிவேட்டில் 127 என்று ஒன்று இருந்தால் அது இன்னும் சுவையானது. அந்த அளவுகோலில் 127 க்குக் கோடே இல்லை. நல்ல மேற்பார்வையாளர் ஒருவர் நோயாளியைப் பார்க்காமலே, கடைசி இலக்கங்களை மட்டும் எண்ணி, எந்த மாணவர் கவனமாக வாசித்தார், யார் அவசரப்பட்டார் என்று சொல்லிவிடுவார்.

இதைச் சில்லறைப் பிழை என்று தள்ள முடியாது. உயர் குருதியமுக்கத்தின் வழக்கமான எல்லை மேல் அளவு 140 என்பதால், 138 ஐ 140 ஆக்கினால் ஒருவர் நோயாளியாகிறார். ஆய்வில் சேர 140 வேண்டும் என்றால் எண்கள் 140 க்குச் சற்று மேலே குவியும். மருந்து வேலை செய்தது என்று காட்ட 140 க்குக் கீழே வர வேண்டும் என்றால் 138 இல் குவியும். யாரும் பொய் சொல்லவில்லை. கை ஆசைப்பட்ட பக்கம் சாய்கிறது.

கையை நம்பாதவர்கள் கருவியை மாற்றினார்கள். 1964 இல் லண்டனில் ஜெஃப்ரி ரோஸும் கூட்டாளிகளும் இரசத் தண்டுகளை அளப்பவரின் கண்ணில் படாமல் மறைத்தார்கள். ஒலி மாறும்போது அவர் ஒரு பொத்தானை அமத்துவார். எண்ணைப் பிறகுதான் பார்க்கலாம். 1970 இல் வந்த ஹோக்ஸ்லி கருவி இன்னும் குறும்பானது: ஒரு சில்லைச் சுழற்றினால் பூச்சியம் தெரியாத ஓரிடத்துக்கு நகர்ந்துவிடும். அளந்து எழுதி முடித்த பிறகே பூச்சியம் எங்கே நின்றது என்று பார்த்துக் கழிக்கலாம். 32 நாடுகளின் 52 நிலையங்களில் 10,079 பேரை அளந்து உப்பையும் குருதியமுக்கத்தையும் ஆராய்ந்த இன்ரர்சோல்ற் ஆய்வு (1988) இந்தக் கருவியையே பயன்படுத்தியது. 1990 இல் டப்ளினைச் சேர்ந்த ஓ'பிரயன் குழு இந்தக் கருவியே சரியாக அளப்பதில்லை என்று காட்டியது வேறு கதை.

ரோஸ் கருவியோடு நிற்கவில்லை. அவரும் அமெரிக்காவின் ஜெரமையா ஸ்டாம்லரும் மற்றோரும் சேர்ந்து 1968 இல் யூகோஸ்லாவியாவின் மகார்ஸ்காவில் இளம் வைத்தியர்களுக்குப் பத்து நாள் பயிற்சியொன்றை நடத்தினார்கள். அது பின்னர் நாடு நாடாகத் தொடர்ந்தது. இன்று சர்வதேச உயர் குருதியமுக்கச் சங்கம் இளம் ஆய்வாளரை மூத்தவரோடு இணைத்துவிடும் திட்டம் ஒன்றை நடத்துகிறது.

யாழ்ப்பாணத்தில் இளம் ஆய்வாளரைப் பழக்கும் வேலையைச் செய்தவர் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம், இலக்கிய வாசகருக்கு 'மலைக்கொழுந்து' எழுதிய நந்தி. யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்த அவர், மருத்துவ மாணவருக்கும் இளம் வைத்தியருக்குமாக 'லேர்ணிங் றிசேர்ச்' என்ற கையேட்டை ஆங்கிலத்தில் எழுதினார். கதைக்காரருக்குக் கேட்கத் தெரியும். ஆய்வைப் பழக்க அது பெரிய தகுதி.

அப்படிப் பழகியவர்களுக்கு ஊரில் வேலை இருந்தது. 2005–2006 இல் நடந்த இலங்கை நீரிழிவு, இருதய ஆய்வு வளர்ந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம் என்றது. அந்த எண் இன்றும் நாட்டின் எண்ணாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் ஆய்வு நடந்தது ஒன்பது மாகாணங்களில் ஏழில். யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. தெல்லிப்பழையிலோ அளவெட்டியிலோ ஒருவரின் கையிலும் அந்த ஆய்வின் பட்டி சுற்றப்படவில்லை. வெளியாரின் எண்ணை இரவல் வாங்கியே வடக்கு தன் நோயைக் கணித்தது. இந்தக் குறையை உள்ளூர் ஆய்வாளரே தீர்க்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரின் வீட்டுப் பதிவேடு எங்கே இருக்கிறது, தோட்டக்காரர் எந்த நேரத்தில் வீட்டில் நிற்பார் என்பதெல்லாம் தெரிந்தவர் அவர்தான்.

பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் 2,645 பேரைத் தொடர்ந்த கோப்ரா ஆய்வு அடுத்த வாரம். அதுவரை வாசகர் ஒரு வேலை செய்யலாம். வீட்டில் பிறசர்காரர் யாராவது இருந்தால் அவருடைய கிளினிக் கொப்பியை எடுத்து, கையால் அளந்து எழுதிய அளவுகளில் எத்தனை பூச்சியத்தில் முடிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் என்றால், அடுத்த முறை கிளினிக்கில் ஐந்து நிமிடம் ஆறுதலாக இருந்தபின் இரண்டு தரம் அளந்து தரும்படி கேளுங்கள்.