எண்ணெய்த் துணியும் ஏரி நீரும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்தில் அமைந்த வல்லம் வடகால், இன்று சிப்காட் தொழிற்பூங்காவால் பெயர் பெற்று விளங்குகிறது. ராயல் என்பீல்டு நிறுவனத்தின் இருசக்கர வண்டி ஆலை 2017ஆம் ஆண்டில் இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. பேராலைகள் எழுந்த வட்டாரத்தில், வீட்டை ஒட்டிய கொட்டகையே சிறு பட்டறையாவதும் இயல்பு. அங்கு வண்டி பழுது பார்ப்போரும் லேத் ஓட்டுவோரும் கையினின்று நீக்காத பொருள் ஒன்றுண்டு. அதுவே துடைப்புத் துணி. பழைய கைலி, கிழிந்த வேட்டி, மூட்டையாக வாங்கும் பனியன் வேஸ்ட் என அது பல வடிவினது.

இத்துணியை ஆலை எவ்வாறு கருதுகிறது? 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள், மாசுற்ற பருத்தித் துணியை அபாயகரக் கழிவுகளின் பட்டியலில் சேர்த்துள்ளன. ஆகவே ஆலை அதனைக் கணக்கில் எழுதி, உரிமம் பெற்றோரிடம் ஒப்படைத்தல் வேண்டும். வீட்டுப் பட்டறையிலோ, அதே துணி குளியலறை வாளியில் ஊறுகிறது. தாயோ மனைவியோ அதனை வெறுங்கையால் கசக்குகின்றனர். சிக்கனம் நற்பண்பே. ஆயின், அச்சிக்கனத்தின் விலையை யார் தருகின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

துவைத்தல் என்பது யாது?

கிரீஸ் என்பது சோப்பினால் கெட்டிப்படுத்தப்பட்ட எண்ணெய். அதன் பெரும்பகுதி கனிம எண்ணெயே. தேங்காயெண்ணெய் காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறும். கனிம எண்ணெய் அவ்வாறு மாறாது. வெந்நீர் அதனை இளக்குகிறது. சோப்பு அதனை நுண்துளிகளாக்கி நூலிழையினின்று பெயர்க்கிறது. நம் சலவைத் தொழிலாளர் வெள்ளாவி வைத்ததும் காரமும் வெப்பமும் கூடிய இத்தகைய அறிவினாலேயே. ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. சோப்பு எண்ணெயை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. துணியினின்று நீங்கிய எண்ணெய் நீரில் சேர்ந்துவிடுகிறது.

மூவகைத் துணி

எனவே துவைக்குமுன் துணியைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, புதிய எண்ணெயோ கிரீசோ சிறிதளவு பட்ட துணி. இதனைத் துவைக்கலாம்.

இரண்டாவது, எஞ்சினிலிருந்து இறக்கிய கரிய எண்ணெய், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றில் தோய்ந்த துணியும், உலோகச் சீவல் படிந்த துணியும். இவற்றைத் துவைக்கலாகாது. பெட்ரோல் ஆவி சிறு பொறியிலும் பற்றும். சீவல் கையைக் கிழிக்கும். பழைய எஞ்சின் எண்ணெயில் புற்றுநோய் விளைக்கவல்ல வேதிப்பொருள்கள் உள்ளன. முற்காலத்தில் இங்கிலாந்தின் நூற்பாலைகளில் எந்திர எண்ணெய் ஆடையில் ஊறியமையால் தொழிலாளர் பலர் தோல் புற்றுநோய்க்கு ஆளாயினர். எண்ணெய்த் துணியை இடுப்பில் செருகிக்கொள்ளும் நம் இளைஞர்கள் இதனை நினைவிற் கொள்க.

மூன்றாவது, ஆளிவிதை எண்ணெய் கலந்த வார்னிஷ் துடைத்த துணி. இது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கையில் வெப்பத்தை உண்டாக்கும். குவித்து வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 38 மாடிகள் கொண்ட கட்டடம் ஒன்று இத்தகைய துணியால் பற்றி எரிந்தது. தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். இத்துணியை வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்துக. அன்றேல் நீர் நிறைந்த, மூடியுள்ள தகர டப்பாவில் அமிழ்த்தி வைக்க.

துவைக்கும் முறை

கிரீசைத் தகட்டினால் வழித்தெடுத்து, துணியை மரத்தூளில் புரட்டுதல் முதற்படி. நீர் படுமுன்னரே எண்ணெயின் பெரும்பகுதி நீங்கிவிடல் வேண்டும். பின்னர், இதற்கெனவே ஒதுக்கிய வாளியில் வெந்நீரும் சலவைச் சோடாவும் சோப்புத்தூளும் இட்டு, ஓரிரவு ஊறவைத்து, ரப்பர் கையுறை அணிந்து அலசுதல் நன்று. வீட்டுத் துணிகளோடு சேர்த்தலும் சலவை எந்திரத்தில் இடுதலும் கூடா. உலர்ந்த துணி பட்டறைக்கு மட்டுமே உரியது, அடுக்களைக்கு அன்று. எண்ணெய் ஏறிய மரத்தூளையும் துவைக்கத் தகாத துணியையும் எரித்தலோ குப்பைமேட்டில் எறிதலோ தகாது. பட்டறைக்காரர் சிலர் ஒன்றுகூடி, மூடியிட்ட பீப்பாயில் சேர்த்து, உரிமம் பெற்றோரிடம் ஒப்படைத்தல் தக்கது. செர்மனியில் 1908இல் தோன்றிய மேவா என்னும் நிறுவனம், ஆலைகளின் துடைப்புத் துணிகளை மூடிய கலங்களில் திரட்டி, துவைத்து மீண்டும் வழங்குவதையே தொழிலாகக் கொண்டுள்ளது.

நீர் செல்லும் வழி

'கால்' என்னும் சொல்லுக்குத் தமிழில் வாய்க்கால் என்னும் பொருளும் உண்டு. திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்கிறது. சென்னை மக்கள் அருந்தும் நீருள் அதுவும் ஒன்று. பட்டறையின் சோப்பு நீரைக் கால்வாயில் கொட்டுவோர், யாரோ ஒருவரின் குடத்தில் கொட்டுகின்றனர். துணி வெளுத்தது எனில், அழுக்கு எங்கே சென்றது? இவ்வினாவை எழுப்பிய பின்னரே வாளியில் நீர் ஊற்றுவோமாக.