ஊன்றுகோலா? உறக்க மருந்தா?

"தத்துவமா? அது வயிறு நிறைந்தவன் வெற்றிலை மெல்லும்போது பேசுகிற பேச்சல்லவா?" என்று கேட்கிறார் தோழர் ஒருவர். தருமபுரிப் பக்கத்துக்காரர். மழை பொய்த்தால் கேழ்வரகும் பொய்க்கும். பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகவேண்டும். அவர் கேட்பதிலே தவறில்லை. "எல்லாம் தலையெழுத்து, பொறுத்துக்கொள்" என்று அவருக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர்! சொன்னவர் பொறுத்ததுண்டா? பொறுக்கும் பொறுப்பு மட்டும் ஏழைக்கு!

ஆனால், தோழர்களே, அவருடைய மாவட்டத்திலே, பாப்பாரப்பட்டியிலே, அவர் கேள்விக்கு விடை இருக்கிறது. அங்கேதான் 1925 ஜூலை 23 அன்று சுப்பிரமணிய சிவா கண்மூடினார். வயது 41கூட நிரம்பவில்லை.

1908இலே வ.உ.சிதம்பரனாரோடு சிறை புகுந்தவர் அவர். 10 ஆண்டு தண்டனை, மேல்முறையீட்டிலே 6 ஆண்டாயிற்று. 1912இலே வெளியே வந்தார். தொழுநோயும் உடன் வந்தது. இரயிலிலே ஏறக்கூடாது என்றார்கள். ஏறவில்லை, நடந்தார்! புண்களைத் துணியால் மூடிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று முழங்கினார். 1913இலே 'ஞானபாநு' ஏட்டைத் தொடங்கினார். 1921இலே மீண்டும் சிறை. 1923இலே, பாப்பாரப்பட்டியிலே அவர் எழுப்ப நினைத்த பாரதமாதா கோயிலுக்குச் சி.ஆர்.தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழுந்ததை அவர் காணவில்லை.

அவர் நம்பியது வேதாந்தம். நாம் அந்தப் பாதையினர் அல்லர். கோயிலைப்பற்றியும் நமக்கு வேறு கருத்து உண்டு. ஒளிப்பானேன்? ஆனால், உடல் நிலையற்றது என்று நம்பியவர், அதைச் சாக்காக்கி மூலையிலே முடங்கவில்லையே! அழுகும் உடலை வைத்தே வேலை வாங்கினாரே!

சிதம்பரனாரும் அப்படித்தான். கோவைச் சிறையிலே செக்கிழுத்தவர், இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கித் தந்தார். கப்பலும் போய், கைப்பொருளும் போன பிறகும், குறளுக்கு உரை எழுதினார்.

அந்தக் குறளிலே ஒன்றைக் கவனித்தோம். துன்பத்திலே கலங்காதே என்று சொல்லும் 'இடுக்கண் அழியாமை' 63ஆம் அதிகாரம். அதற்கு முந்தியது எது? ஆள்வினையுடைமை! ஓயாமல் முயன்றால் ஊழும் புறமுதுகு காட்டும் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான், துன்பம் வந்தால் சிரி என்கிறார் வள்ளுவர். உழைத்து உழைத்து இடறி விழுந்தவனுக்குச் சொன்ன ஆறுதல் அது. திண்ணையிலே படுத்தவனுக்கு அல்ல. தடை வந்த இடமெல்லாம் மூச்சைப் பிடித்து இழுக்கும் எருதைக் காட்டுகிறார். தொப்பூர்க் கணவாயிலே பாரவண்டி ஓட்டியவர்களுக்கு இதற்குப் பதவுரை தேவையில்லை.

இதையெல்லாம் அந்தத் தோழரிடம் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தார். "எருது இழுக்கும், சரி. அளவுக்குமேல் பாரம் ஏற்றியவனை என்ன செய்வது?" என்றார்.

அடுத்த வாரம் அவர் ஊரிலே கூட்டம். அதைப்பற்றி அங்கே பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.