பிரிண்டர் மேல பழி போடாதீங்க!

ராத்திரி பத்து மணி. காலையில ரெக்கார்டு சப்மிஷன். சங்கரன்கோவில்ல ஜெராக்ஸ் கடையெல்லாம் பூட்டியாச்சு. அண்ணன் கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கிற பிரிண்டர்தான் கதி. ஆனா உங்க லேப்டாப்ல ‘ஆஃப்லைன்’னு காட்டுது. என்ன செய்யலாம்?

முதலில், அண்ணன் கம்ப்யூட்டர் ஸ்லீப்ல இருக்கான்னு பாருங்க. அது தூங்கினா பிரிண்டருக்கு வழியே இல்லை. அடுத்து, ரெண்டும் ஒரே வைஃபையில இருக்கணும். பாதி நேரம் நம்ம லேப்டாப் போன் ஹாட்ஸ்பாட்லதான் கிடக்கும்!

மூன்றாவது, ரெண்டு கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் ‘பப்ளிக்’னு இருந்தா ‘பிரைவேட்’டாக மாற்றி, பிரிண்டர் ஷேரிங்கை ஆன் செய்யுங்க. பிறகு ‘ரன்’ பெட்டியில் இரண்டு பின்சாய்வுக்கோடு போட்டு அண்ணன் கம்ப்யூட்டரின் பெயரை அடிங்க. பிரிண்டர் தெரிந்தால் நெட்வொர்க் சரி. அடுத்து டிரைவரைப் பாருங்க. பெயரில் வரவில்லையென்றால் ஐபி முகவரியைப் போட்டுப் பாருங்க.

2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, ‘11பி’ என முடியும் எரர் பலருக்கு வந்தது. “அப்டேட்டைத் தூக்கிடு”ன்னு சொல்வாங்க. தூக்கினா பாதுகாப்பும் சேர்ந்தே போகும். ரெண்டு கம்ப்யூட்டரையும் அப்டேட் செய்வதே நல்லது.

எதுவும் நடக்கலையா? பிடிஎஃப்பை பென்டிரைவில் போட்டு அண்ணன்கிட்ட போங்க. ரெக்கார்டு முதல்ல, ரிப்பேர் அப்புறம்!